ஏச்சும் எடையும்: ஆக்லாந்திலிருந்து ஒரு பார்வை

டோங்கா மன்னர் நான்காம் தௌஃபாஆஹௌ தூபோ 2006 செப்டம்பரில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு முன், 1976-இல், அவர் எடை 209.5 கிலோ. உலகின் மிகக் கனமான மன்னர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. அவருடைய குடிமக்கள் அதை நினைத்துக் கூசவில்லை. ஊருக்கே விருந்து வைக்கும் வளம், குலப்பெருமை, தலைவருக்குரிய தோரணை எல்லாம் அந்தப் பருத்த உடம்பில் அவர்களுக்குத் தெரிந்தன. நீரிழிவும் இதயநோயும் தீவு தீவாகப் பரவியபின், 1990-களில் அதே மன்னர் சைக்கிள் மிதித்து எடையைக் கணிசமாகக் குறைத்தார். எடைக்குறைப்புப் போட்டிகளுக்கு மக்களையும் அழைத்தார். ஒரே ஆளின் ஆயுளுக்குள் ஒரே உடம்புக்கு இரண்டு பொருள் வந்துவிட்டது.

அந்த இரண்டு பொருளும் அருகருகே குடியிருக்கும் ஊர் ஆக்லாந்து. உலகில் பொலினீசிய மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் இதுதான். 2023 கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றில் 31 பேர் ஆசிய வம்சாவளியினர், 16 பேருக்கு மேல் பசிபிக் தீவினர். சாண்ட்ரிங்ஹாம் சாலையில் தோசை வார்க்கிறார்கள். தெற்கே மாங்கரே சந்தையில் டாரோ கிழங்கு குவிந்து கிடக்கிறது. இரண்டு இடத்துப் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் போய் நிற்பது பொரித்த கோழிக் கடையில். இத்தனை விதமான உடம்புகளும் சாப்பாடும் ஒரே சுகாதாரத் துறையின் ஒரே அளவுகோலின் முன் வரிசையில் நிற்பதால், எடையைப் பற்றிய எண்ணம் சாப்பாட்டை எப்படி மாற்றுகிறது என்ற கேள்வி இங்கே வேறெந்த ஊரையும்விடக் கூர்மையாகிறது.

கேள்வி இதுதான். ஒருவர் தன்னைக் குண்டு என்று நினைத்துக்கொண்டால், அல்லது பிறர் அப்படிச் சொல்லிச் சொல்லி நினைக்கவைத்தால், அவர் தட்டில் என்ன மாறுகிறது? கொஞ்சம் கூசினால்தான் திருந்துவார்கள் என்பது பொதுப்புத்தி. ஐம்பது ஆண்டுகளாகக் குவிந்த ஆய்வுகள் அதற்கு நேர் எதிராகப் பேசுகின்றன. உடம்பைச் சொல்லிக் கூசவைப்பது பெரும்பாலோரை மெலியவைப்பதில்லை. அவர்களைக் கூடுதலாகவோ கோணலாகவோ சாப்பிடவைக்கிறது. நம் வீடுகளில் அக்கறை என்ற பெயரில் நடக்கும் பேச்சும் இந்தக் கணக்கில் சேரும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

பசிபிக் தீவினரிடமிருந்து தொடங்கலாம். நியூசிலாந்து சுகாதாரக் கணக்கெடுப்புகளில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் உடற்பருமன் உள்ளவராகக் குறிக்கப்படுகிறார். பசிபிக் தீவினரில் இது மூவரில் இருவர். இதற்கு வெகுகாலம் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு: அவர்களுக்குப் பெருத்த உடம்புதான் அழகு, அதனால்தான் அப்படி இருக்கிறார்கள். மானுடவியலாளர் அலெக்ஸாண்ட்ரா புரூயிஸ், பொதுச் சுகாதார அறிஞர் பாய்ட் ஸ்வின்பர்ன் முதலியோர் சமோவாவிலும் ஆக்லாந்திலும் வாழும் சமோவர்களிடம் உருவப் படங்களைக் காட்டிக் கேட்டு, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமோவர்கள் விரும்பிக் காட்டிய உருவம் ஓரளவு மெலிந்ததாகவே இருந்தது. ஆனால் பருத்த உடம்பின்மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை, தங்கள் உடம்பைப் பற்றிய அருவருப்பும் இல்லை. மெலிவை விரும்புவதும் பருமனை இகழ்வதும் வேறு வேறு சங்கதிகள் என்பது அங்கே துலங்கியது. பின்னர் ஆக்லாந்தின் பசிபிக் மாணவர்களிடையே ஆராய்ந்த தசிலேதா தீவாலேயும், பருமனுக்குப் பண்பாட்டு அழகுணர்ச்சியைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவதை 2011-இல் கேள்விக்குள்ளாக்கினார்.

அப்படியென்றால் எடை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு கப்பலில் வந்தது. நியூசிலாந்தின் ஆட்டு மந்தைகளில் இந்த ஊர்க்காரர்கள் சீண்டாத கொழுப்பு மிகுந்த வயிற்றுப்பகுதி இறைச்சி பல பத்தாண்டுகளாகத் தீவுகளுக்கு மலிவு விலையில் அனுப்பப்பட்டது. ஃபிஜி 2000-இல் அதற்குத் தடை போட்டது. சமோவா 2007-இல் வான்கோழி வால் இறைச்சியின் இறக்குமதியைத் தடுத்தது. ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் தெற்குப் பகுதியின் தொழிற்சாலைகளில் இரவுப் பணி பார்த்தார்கள். வருமானம் குறைந்த குடியிருப்புகளில்தான் துரித உணவுக் கடைகள் நெருக்கமாக முளைத்தன. ஸ்வின்பர்னும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இல் பருமனை வளர்க்கும் சூழல் என்ற கருத்தை முன்வைத்தபோது சுட்டிக்காட்டியது இதைத்தான்: கடை, விலை, வேலைநேரம், விளம்பரம் ஆகியவை ஒருவர் கைக்கு எட்டும் உணவை முதலில் தீர்மானித்துவிடுகின்றன. அதன்பின் அவருடைய மனவலிமையைக் குறைசொல்வது நியாயமில்லை.

இகழ்ச்சியும் அப்படியே கப்பலேறி வரும். ஆய்வாளர் ஆன் பெக்கர் ஃபிஜியின் நட்ரோங்கா பகுதியில் செய்த ஆய்வு இதில் உலகப் புகழ்பெற்றது. 1995-இல் அந்த ஊருக்குத் தொலைக்காட்சி வந்த உடனே ஒரு முறையும், மூன்றாண்டு கழித்து 1998-இல் ஒரு முறையும் பள்ளி மாணவிகளிடம் கேட்டார். உணவு குறித்த சிக்கலான மனநிலையைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாகக் கூடியிருந்தார்கள். எடையைக் கட்டுப்படுத்தத் தானே வாந்தியெடுப்பதாக முதல் முறை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர்தான், அதனால் எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள முடியாது. ஆனால், விருந்தாளியை வயிறு நிறையச் சாப்பிடவைப்பதைக் கௌரவமாகக் கருதிய ஓர் ஊரில் பிள்ளைகள் உணவை எதிரியாகப் பார்க்கப் பழகுவதற்கு மூன்றே ஆண்டு போதுமானதாக இருந்தது என்பதை அலட்சியப்படுத்தவும் முடியாது. பிற்பாடு புரூயிஸ் குழு 2011-இல் வெளியிட்ட பன்னாட்டு ஒப்பீட்டில், பருத்த உடம்பை முன்பு மதித்த அமெரிக்க சமோவா போன்ற இடங்களிலும் பருமன் இகழ்ச்சி வேர்பிடித்திருந்தது.

ஃபிஜி நமக்கு அந்நியமான ஊரில்லை. 1903 முதல் தென்னிந்தியத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் பேரப்பிள்ளைகள், 1987 ராணுவப் புரட்சிகளுக்குப் பின் பெருந்திரளாக ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ஈழத்தமிழரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் சேர்ந்ததுதான் இந்த ஊர்த் தமிழ்ச் சமூகம். உடம்பைப் பொறுத்தவரை நம் சிக்கல் பசிபிக் தீவினரின் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டதுபோல் இருக்கிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் பி.எம்.ஐ.தான் எல்லா மருத்துவமனைகளிலும் புழங்கும் அளவு. 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே ஐரோப்பிய உடல்களைக் கொண்டு வகுத்த கணக்கு அது. ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இலெய்ன் ரஷ்ஷும் கூட்டாளிகளும் ஐரோப்பியர், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள், பசிபிக் தீவினர், இந்தியர் ஆகிய நால்வகையினரின் உடற்கொழுப்பையும் கருவிகள் கொண்டு அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். பி.எம்.ஐ. 30 உள்ள ஐரோப்பிய ஆணின் உடம்பில் எவ்வளவு விழுக்காடு கொழுப்பு இருக்குமோ, அவ்வளவு கொழுப்பு இந்திய ஆணுக்கு 24-ஐ ஒட்டியே சேர்ந்துவிடுகிறது. பசிபிக் தீவினருக்கோ அந்த அளவு 30-ஐத் தாண்டிய பின்தான் வரும், ஏனென்றால் அவர்கள் உடம்பில் தசையும் எலும்பும் அதிகம். ஒரே தராசில் ஏறும் மூவரில் டோங்காக்காரர் உள்ளதைவிடக் கொழுத்தவராகவும், தமிழர் உள்ளதைவிட ஒல்லியாகவும் தெரிவார்கள். 1997 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் மாவோரிகளுக்கும் பசிபிக் தீவினருக்கும் 26, 32 என்று தனி வரம்புகள் வைத்திருந்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டு எல்லோருக்கும் 25, 30 என்றானது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியருக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று 2004-இல் சொன்னது.

அதே ஆண்டு லான்செட் இதழில் வந்த ஒரு புகைப்படம் இதை எந்த அட்டவணையையும்விடத் தெளிவாகச் சொல்லும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருமே மெலிந்தவர்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு இருவரும் ஒன்றுபோல இருந்தாலும் நீரிழிவு அபாயம் ஒருவரிடம் கூடுதல். கண்ணால் பார்த்து உடம்பை எடைபோடும் பழக்கம் நமக்குத்தான் மிகத் தவறான விடை தரும் என்பதற்கு அந்தப் படத்தைவிடச் சான்று வேண்டியதில்லை. பூசினாற்போல் இருக்கும் பெண்ணை ஊரே கண்டிக்கிறது. தொப்பை மட்டும் துருத்திய ஒல்லிக் கணக்காளரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அவருக்குச் சர்க்கரை முந்நூறில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டியவர்கள். ஆண்கள் பெண்களுக்கு வெகுவாகப் பின்தங்கவில்லை. வசவு மட்டும் அந்த விகிதத்தில் பங்கிடப்படவில்லை.

இனி மையக் கேள்வி. தன் எடையைப் பற்றிய கவலை சாப்பாட்டை என்ன செய்கிறது?

1975-இல் உளவியலாளர்கள் ஹெர்மனும் மேக்கும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசிபார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். இயல்பாகச் சாப்பிடும் பெண்கள் மில்க்‌ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். எப்போதும் எடையை நினைத்து வாயைக் கட்டியவர்களோ மில்க்‌ஷேக் குடித்தபின் அதிகம் சாப்பிட்டார்கள். விரதம் முறிந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற மனநிலை அது. பசி சொல்லும் கணக்கைக் கேட்பதை விட்டுவிட்டு விதி சொல்லும் கணக்கைப் பிடித்துக்கொண்டவருக்கு, விதி உடைந்த நிமிடத்தில் எந்தக் கணக்கும் மிஞ்சுவதில்லை. இதே மனநிலையில் நம்மவர்கள் எத்தனை பேர் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் அலுவலகத்தில் யாரோ நீட்டிய கேக் துண்டைத் தின்றபின், இரவில் மிக்ஸர் டப்பாவைக் காலிசெய்கிறார்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கவலையோடு இகழ்ச்சியும் சேரும்போது விளைவு கடுமையாகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஷ்வே, புல், பிரவுனெல் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பருத்த பெண்களில் ஒரு பகுதியினருக்குக் குண்டானவர்களைக் கேலிசெய்யும் காட்சிகளையும், மற்றவர்களுக்குச் சாதாரணக் காட்சிகளையும் காட்டிவிட்டுத் தின்பண்டங்களை வைத்தார்கள். கேலிக் காட்சி பார்த்தவர்கள் மூன்று மடங்குக்கு மேல் கலோரி சாப்பிட்டிருந்தார்கள். 2014-இல் பிரெண்டா மேஜர் குழுவின் ஆய்வு இன்னும் நுட்பமானது. எடை அதிகமானவர்களுக்கு வேலை கிடைப்பது கடினம் என்ற பத்திரிகைச் செய்தியைப் படித்தபின், தங்களைக் குண்டு என்று கருதிய பெண்கள் அதிகமாகத் தின்றார்கள். உண்மையில் அவர்கள் எடை என்ன என்பது அங்கே முடிவைத் தீர்மானிக்கவில்லை. தங்களைப் பற்றிய எண்ணம் தீர்மானித்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் நடப்பது வாழ்க்கையில் பத்தாண்டு நடக்குமா என்று கேட்பது நியாயம். எரிக் ராபின்சனும் கூட்டாளிகளும் அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் பல்லாண்டு பின்தொடரப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் தரவுகளை 2015-இல் அலசினார்கள். தன்னை எடை மிகுந்தவர் என்று கருதியவர்கள், அந்தக் கருத்து சரியோ தவறோ, பின்னாளில் மற்றவர்களைவிட அதிக எடை போட்டார்கள். மன அழுத்தத்தில் கூடுதலாகச் சாப்பிட்டதும் அதற்கு ஒரு காரணமாக வெளிப்பட்டது. இங்கிலாந்தில் சாரா ஜாக்சன் குழு 2014-இல் காட்டியபடி, எடைக்காக அவமதிக்கப்பட்டவர்கள் நான்காண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியிருந்தார்கள், அவமதிப்பைச் சந்திக்காதவர்கள் முக்கால் கிலோ அளவு குறைந்திருந்தார்கள். அமெரிக்காவில் சுட்டின், டெராசியானோ இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எடைப் பாகுபாட்டை உணர்ந்தவர்கள் நான்காண்டுக்குள் பருமன் நிலைக்குப் போகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு.

என்னை மிகவும் உலுக்கியது குழந்தைகள் பற்றிய ஆய்வு. ஹங்கரும் டொமியாமாவும் 2014-இல் 2,379 சிறுமிகளின் தரவை எடுத்தார்கள். பத்து வயதில் ‘நீ ரொம்பக் குண்டு’ என்று பெற்றோரோ உடன்பிறந்தவரோ நண்பரோ ஆசிரியரோ சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கப்பட்டிருந்தது. பாதிக்கு மேல் ஆமாம் என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் 19 வயதில் பருமன் உள்ளவராக இருக்கும் வாய்ப்பு கூடுதல். பத்து வயதில் அவர்களுக்கு இருந்த எடை, குடும்ப வருமானம், பூப்பெய்திய வயது ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபிறகும் அது கூடுதலாகவே நின்றது. வெளியார் சொன்னதைவிட வீட்டார் சொன்னது ஆழமாகக் குத்தியிருந்தது.

எப்படி நடக்கிறது இது? டொமியாமா இதை ஒரு சுழலாக விளக்குகிறார். இகழ்ச்சி உடம்புக்கு ஓர் ஆபத்தாகவே படுகிறது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் சுரப்பு கூடுகிறது, அது இனிப்பையும் கொழுப்பையும் தேடவைக்கிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைத் தேக்குகிறது. எடை கூடுகிறது, இகழ்ச்சியும் கூடுகிறது. இதோடு சேர்ந்து நடக்கும் மற்றவற்றுக்கு வேதியியல் தேவையில்லை. நீச்சல் குளத்துக்குப் போகக் கூச்சம், ஜிம்மில் கண்ணாடி முன் நிற்கக் கூச்சம், நாலு பேர் எதிரில் சாப்பிடக் கூச்சம். நாலு பேர் இல்லாத நேரத்தில், பூட்டிய அறையில் அல்லது நிறுத்திவைத்த காரில், வேகமாகவும் ருசி தெரியாமலும் சாப்பாடு நடக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றில் பல, நடந்ததைக் கவனித்த ஆய்வுகள். எடை கூடும் உடல்வாகு உள்ளவர்களே அதிகம் ஏசப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை எந்தப் புள்ளியியலும் முற்றிலும் துடைத்துவிடாது. சோதனைகளில் பங்கேற்றவர்களும் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள். ஆனாலும் வேறு வேறு நாடு, வயது, முறை கொண்ட ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. இகழ்ச்சி எடையைக் குறைக்கிறது என்று காட்டும் உருப்படியான எதிர்ச்சான்று இல்லை. மருந்து என்று சொல்லி ஒன்றைக் கொடுப்பவர்தான் அது குணப்படுத்தும் என்று நிரூபிக்க வேண்டும்.

இந்த ஊர்த் தமிழ்ச் சங்க விழா எதற்காவது போய்ப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த சமுதாயக் கூடம். பின்வரிசையில் அலுமினியத் தட்டுகளில் சாம்பார் சாதம், எலுமிச்சைச் சாதம், வடை, கேசரி. பரிமாறும் அத்தை கல்லூரியில் படிக்கும் பெண்ணின் தட்டில் மூன்றாவது வடையை வைக்கிறார். “வேண்டாம் அத்தை” என்றால் விடமாட்டார். “என்னடி பெரிசா டயட்டு, சாப்பிடு” என்பார். அந்தப் பெண் மேசைக்குப் போய் உட்காரும்முன் அதே வாய் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லும்: “போன வருஷத்துக்கு இப்ப நல்லா ஊதிட்டா, இல்ல? அவ அம்மா கவனிக்கிறதில்ல போல.” யாழ்ப்பாணத்து மாமியிடம் இதன் வடிவம் “என்ன பிள்ளை, கொழுத்துப் போனாய்” என்று நேரடியாகவே வரும். இளைத்துப்போனாலும் தப்ப முடியாது. “துரும்பா இளைச்சிட்டியே, வீட்ல சோறு போடுறாங்களா?” என்ற கேள்வி காத்திருக்கும். சாப்பிடு என்பதும் குறை என்பதும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மூச்சில் வருகின்றன. மறுத்தால் மரியாதைக் குறைவு, ஏற்றால் கேலி. அந்தப் பெண் கூடத்தில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைக் குப்பையில் போடுவாள். வீட்டுக்குப் போய் இரவு பதினொரு மணிக்குக் குளிர்பதனப் பெட்டியைத் திறப்பாள். அத்தையிடம் வன்மம் எதுவும் இல்லை. சோறு போடுவது அவருக்கு அன்பு, உடம்பை விசாரிப்பதும் அன்பு. இரண்டும் சேர்ந்து அந்தப் பெண்ணின் வயிற்றில் என்ன ஆகின்றன என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை.

நம் திரைப்படங்கள் இதில் நெடுங்காலம் கைகொடுத்தன. பருத்த நடிகர்கள் என்றால் நகைச்சுவைக்கு, அதிலும் பெண் என்றால் விழுந்து நாற்காலி உடைவதற்கு. இன்னொரு பக்கம், பூசிய உடல்வாகைக் கொண்டாடியதும் இதே தமிழ்நாடுதான். 1990-களில் நடிகை குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டினார்கள், புசுபுசுவென்ற இட்லிக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2015-இல் ‘இஞ்சி இடுப்பழகி’ படத்துக்காக நடிகை அனுஷ்கா எடை கூட்டி நடித்தபோது, அந்தப் படம் மெலியவைக்கும் வணிகத்தின் மோசடியைப் பேசியது. படத்தைவிட அதிகம் பேசப்பட்டது என்னவோ அனுஷ்காவின் எடைதான்.

அரசுகள் என்ன செய்தன? நியூசிலாந்து 2015-இல் குழந்தைப் பருமனுக்கான திட்டத்தை அறிவித்தது. நான்கு வயதுக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு முந்தைய பரிசோதனையில் பருமன் என்று கண்டறியப்படும் குழந்தைகளில் 95 விழுக்காட்டினரை 2017 டிசம்பருக்குள் மருத்துவரிடம் பரிந்துரைக்க வேண்டும் என்பது இலக்கு. நோக்கம் நல்லது. அதன் சுமை விழுந்த இடம் தாய்மார்கள்மேல், அதுவும் பெரும்பாலும் தெற்கு ஆக்லாந்தின் மாவோரி, பசிபிக் தாய்மார்கள்மேல். தெருமுனைக் கடையும் குளிர்பான விளம்பரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லைச் சாவடியிலும் தராசு உண்டு. 2013-இல் கிறைஸ்ட்சர்ச்சில் ஆறாண்டாக வேலைபார்த்த 130 கிலோ எடையுள்ள தென்னாப்பிரிக்கச் சமையல்காரர் ஒருவருக்கு, நாட்டின் சுகாதாரச் செலவுக்குச் சுமையாவார் என்று சொல்லி விசா மறுக்கப்பட்டது. இங்கே வந்தபின் அவர் முப்பது கிலோ குறைத்திருந்தார் என்பது அந்தக் கோப்பில் எடுபடவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகே தற்காலிக அனுமதி கிடைத்தது. குடியேறிகளாகிய நாம் எல்லோரும் மருத்துவப் பரிசோதனைத் தாளோடு இந்த வாசலைக் கடந்தவர்கள்தான். அந்தச் செய்தி வந்த வாரம் பல இந்திய வீடுகளில் பேச்சு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எதிர்ப்பும் இங்கிருந்தே எழுந்தது. பாமர்ஸ்டன் நார்த்தில் மாஸி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேட் பாஸே, பருத்தவர்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே ஆராயும் துறைக்கு நியூசிலாந்தை ஒரு மையமாக்கினார். 2022-இல் அவர் இறந்தது பேரிழப்பு. ஆக்லாந்தின் மாவோரி ஆய்வாளர் ஐசக் வார்பிரிக், ஹெதர் கேம், ஆண்ட்ரூ டிக்சன் மூவரும் 2019-இல், எடையை மையமாக வைத்த பொதுச் சுகாதாரம் இனப்பாகுபாட்டின் நீட்சியாகிவிட்டது என்று நேராகவே எழுதினார்கள். நிலத்தோடும் உறவுகளோடும் உள்ள பிணைப்பு, உடலசைவில் உள்ள மகிழ்ச்சி, வலு ஆகியவற்றிலிருந்து மாவோரி நலத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் நான் ஓரளவுதான் உடன்படுகிறேன். நம் சமூகத்தைப் பொறுத்தவரை இடுப்பளவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் ஆபத்து. ஆனால் பேச்சின் தொடக்கப்புள்ளியாக எடை இருக்கக்கூடாது என்பதில் அவர்கள் சொல்வது சரி. 2020-இல் நேச்சர் மெடிசின் இதழில் உலகின் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து எடை இகழ்ச்சியைக் கைவிட உறுதி கூறின. 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்று முத்திரை குத்தாமல், இடுப்பளவையும் உறுப்புகளின் நிலையையும் பார்த்து முடிவு செய்யப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஜூலையில் எடைக்குறைப்பு மருந்தான வெகோவி ஊசி நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அரசு உதவி இல்லாததால் அப்போது மாதம் நானூறு டாலருக்கு மேல் ஆனது. பணமுள்ளவர் மெலிவார், பணமில்லாதவர்மேல் மட்டும் பழி நிற்கும் நிலை வரலாம் என்ற அச்சம் எனக்கு உண்டு.

வீட்டளவில் எது உதவுகிறது என்பதற்கும் இந்த ஊரிலேயே தடயம் இருக்கிறது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலக் கணக்கெடுப்பில் 2012-இல் நாடெங்கும் 8,500 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அந்தத் தரவில் ஜெனிபர் அட்டர் குழு கண்டது: குடும்பத்தோடு அடிக்கடி சேர்ந்து சாப்பிடும் பிள்ளைகளின் மனநிலை சீராக இருந்தது, மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1998 முதல் பின்தொடரப்படும் மாணவர்களிடம் நியூமார்க்-ஸ்டைனர் கண்டதும் இதையொட்டியே வருகிறது. எடைக்காகக் கேலிசெய்யும் வீடுகளிலும் பட்டினி டயட் இருக்கும் வீடுகளிலும் வளர்ந்தவர்களே பிற்காலத்தில் அதிக எடையும் உணவுக் கோளாறும் கண்டார்கள். சேர்ந்து உட்காரும் மேசையில் உடம்பைப் பற்றிய பேச்சு இல்லாமலிருப்பது முக்கியம். தமிழ் வீட்டில் கூடுதலாக ஒன்று வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மீந்ததை அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடும் அம்மாவும் அந்த மேசையில் உட்கார வேண்டும். அவர் பசிக்கு நேரமும் அளவும் இல்லாமல் போய்ப் பல காலமாகிறது.

மருத்துவரிடம் போவதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விவரம் உண்டு. நியூசிலாந்தின் 2018 வழிகாட்டுதலின்படி, இதயநோய் அபாயக் கணிப்பும் அதோடு நீரிழிவுப் பரிசோதனையும் பொதுவாக ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 55 வயதில் தொடங்கும். மாவோரி, பசிபிக் தீவினரோடு தெற்காசியர்களுக்கும் அது முன்னதாகவே தொடங்குகிறது: ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 40. தெற்காசியருக்கான அந்த விதியில் குண்டோ ஒல்லியோ என்ற பேச்சே இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், தெற்காசிய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு நாடா. தராசில் ஏற விருப்பமில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லலாம், ஏறித் திரும்பி நின்று எண்ணைப் பார்க்காமலும் இருக்கலாம். எடைக்காக வசவு வாங்கிய பெண்கள் மருத்துவரைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒல்லியாக இருக்கும் ஆண்கள் தங்களுக்கு அது தேவையே இல்லை என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் முப்பதைத் தாண்டிய தம்பிகளும் நாற்பதைத் தாண்டிய அக்காக்களும் இந்த மாதமே குடும்ப மருத்துவரை அழைத்து நாள் குறித்துக்கொள்ளலாம்.